தராசில் ஏறாத பாரம்

குதிரைப் பந்தயம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? புழுதி பறக்க ஓடும் குதிரைகள், கத்தும் கூட்டம், பணத்தைத் தொலைத்துவிட்டு வெளியே வருகிறவர்கள்... அவ்வளவுதானே? குதிரையின் முதுகில் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருப்பாரே, அவரைப் பற்றி யாராவது யோசிப்பதுண்டா? ஜெயித்தால் கைத்தட்டல், தோற்றால் வசவு. அடுத்த பந்தயம் தொடங்கியதும் அதுவும் மறந்துவிடும்.

அப்படிக் குதிரை முதுகில் வாழ்ந்த ஒருவரின் கதை இது. நடந்து ஏறக்குறைய 140 வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் பழைய கதை இல்லை.

ஃப்ரெட் ஆர்ச்சர். 1857ல் இங்கிலாந்தில் பிறந்தவர். தொடர்ந்து 13 வருடங்கள் அந்த நாட்டின் சாம்பியன் ஜாக்கி. உலகப் புகழ் பெற்ற எப்சம் டெர்பியை 5 முறை ஜெயித்தவர். மொத்த வெற்றிகள் 2,748. இன்றைய கிரிக்கெட் வீரர்களுக்கு இருக்கும் புகழ் அன்று அவருக்கு இருந்தது.

அவருக்கு ஒரே ஒரு எதிரி. அவருடைய உயரம்! ஜாக்கி என்றால் குள்ளமாக, மெலிந்து இருக்க வேண்டும். ஆர்ச்சரோ 5 அடி 8 அங்குலத்துக்கு மேல் வளர்ந்துவிட்டார். குதிரை சுமக்க வேண்டிய எடை பந்தயத்துக்கு முன்பே முடிவாகிவிடும். அதற்கு மேல் ஒரு பவுண்டு கூடினாலும் நஷ்டம் குதிரைக்குத்தான். அதனால் பட்டினி, வியர்வைக் குளியல், பேதி மருந்து என்று உடம்பை வதைத்துக்கொண்டார். அவர் குடித்த பேதி மருந்துக்கு 'ஆர்ச்சர் மிக்ஸ்ச்சர்' என்றே பெயர் வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1883ல் ஹெலன் ரோஸ் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். 1884 ஜனவரியில் முதல் குழந்தை பிறந்தது, உடனே இறந்தும் போனது. அதே வருடம் நவம்பரில் இரண்டாவது குழந்தை பிறந்தது. இந்த முறை குழந்தை பிழைத்தது, தாய் போய்விட்டார். ஒரே வருடத்தில் இரண்டு சாவு! ஆர்ச்சருக்கு அப்போது 27 வயது.

துக்கம் தாங்காமல் கொஞ்ச காலம் அமெரிக்கா போனார். திரும்பி வந்து 1885ல் எத்தனை பந்தயம் ஜெயித்தார் தெரியுமா? 246. அந்தச் சாதனையை 1933ல் கோர்டன் ரிச்சர்ட்ஸ் வரும்வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை. 'ஆள் தேறிவிட்டார், பழையபடி ஓட்டுகிறார்' என்று ஊர் முடிவு கட்ட இது போதாதா? துக்கத்தில் இருக்கிற மனிதன் வேலையில் ஜெயித்துக்கொண்டே இருந்தால், அவன் நன்றாக இருக்கிறான் என்றுதான் உலகம் கணக்கு எழுதிக்கொள்கிறது.

1886 இலையுதிர் காலத்தில் கேம்பிரிட்ஜ்ஷயர் என்ற பெரிய பந்தயம் வந்தது. செயின்ட் மிரின் என்ற குதிரையை ஓட்டுவதற்காக மறுபடியும் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தார். அப்படியும் ஒரு பவுண்டு கூடுதலாக இருந்தது. ஒரு தலை நீள வித்தியாசத்தில் தோற்றார். சில நாட்களில் காய்ச்சல் கண்டது. டைஃபாய்டு என்றார்கள். நவம்பர் 8ம் தேதி, மனைவி இறந்து ஏறக்குறைய சரியாக இரண்டு வருடம் ஆன நேரத்தில், நியூமார்க்கெட்டில் தன் வீட்டிலேயே தற்கொலை செய்துகொண்டார். வயது 29. இரண்டே வயதான மகள் அப்பா அம்மா இல்லாத குழந்தை ஆனாள்.

விசாரணை நடத்திய ஜூரிகள், புத்தி நிலை தவறியிருந்தபோது நடந்தது என்று தீர்ப்பு சொன்னார்கள். இதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்துச் சட்டம் தெரிய வேண்டும். தற்கொலை அன்று இங்கிலாந்தில் குற்றம். 1961ல்தான் அந்தச் சட்டம் மாறியது. சுயநினைவோடு செய்தார் என்று சொன்னால் இறந்தவர் குற்றவாளி ஆகிவிடுவார். குடும்பத்துக்கும் அவமானம். ஆகவே ஜூரிகள் கருணையோடுதான் அப்படிச் சொன்னார்கள்.

ஆனால் அந்தக் கருணைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 'காய்ச்சல் வேகத்தில் நடந்துவிட்டது' என்று சொல்லிவிட்டால், அதற்கு முந்தைய இரண்டு வருட துக்கத்தைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. பத்து வருடத்துக்கும் மேலான பட்டினியைப் பற்றியும் பேச வேண்டியதில்லை. காய்ச்சலைச் சொல்ல யாரும் கூச்சப்படவில்லை. மனசைச் சொல்லத்தான் கூச்சம்.

சரி, அது அந்தக் காலம். இப்போது?

இன்றும் ஜாக்கி ஒரு கூலித் தொழிலாளி மாதிரிதான். பெரும்பாலானவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு பந்தயம் ஓட்டினால் இவ்வளவு கட்டணம், ஜெயித்தால் பரிசுப் பணத்தில் ஒரு பங்கு. ஓட்டாத நாளில் வருமானம் பூஜ்யம். யாரை ஏற்றுவது என்று முடிவு செய்வது பயிற்சியாளரும் குதிரை முதலாளியும். 'எனக்கு மனசு சரியில்லை' என்று ஒருவர் வாய் திறந்தால் என்ன ஆகும்? அந்தக் குதிரை வேறொருவருக்குப் போய்விடும். அவர் அதில் ஜெயித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. ஆக, மௌனம் அங்கே வெறும் சுபாவம் இல்லை. அதற்கு ஒரு விலை இருக்கிறது. பேசினால் நஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வேலை செய்யும்போது பின்னாலேயே ஆம்புலன்ஸ் வருகிற தொழில் வேறு எது? விழுவது அங்கே சகஜம். தலையில் அடிபடுவதும் சகஜம். தினமும் பார்த்துப் பழகிய குதிரை கால் முறிந்து கண் முன்னே சாகும். சில சமயம் கூட ஓட்டிய நண்பரே போய்விடுவார். ஆனால் அரை மணி நேரத்தில் அடுத்த பந்தயம்! கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏற வேண்டியதுதான். எலும்பு முறிந்தும் சீக்கிரமே திரும்பி வந்தவரை வீரர் என்று கொண்டாடும் இடத்தில், அழுதவருக்கு என்ன பெயர் கிடைக்கும்?

சில வருடங்களுக்கு முன் அயர்லாந்தில் ஜாக்கிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. கலந்துகொண்டவர்களில் 10ல் கிட்டத்தட்ட 8 பேரிடம் மனச்சோர்வு, பதற்றம், அளவு மீறிய குடி போன்றவற்றில் ஏதாவது ஒன்றின் அறிகுறி இருந்தது. ஏன் உதவி கேட்கவில்லை என்பதற்கு ஜாக்கிகளிடம் கிடைத்த முக்கியமான பதில், மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம்.

2023ல் அமெரிக்காவில் இரண்டே மாத இடைவெளியில் இரண்டு இளம் ஜாக்கிகள் தற்கொலை செய்துகொண்டார்கள். ஒருவருக்கு 23 வயது, இன்னொருவருக்கு 29. ஆர்ச்சரின் அதே 29! அதற்குப் பிறகுதான் அங்கே ஜாக்கிகளின் சங்கமும் பந்தய ஆணையமும் மனநல உதவிக்கு வழி செய்தன.

கதை இருட்டாகவே முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் மார்க் என்ரைட் என்ற ஜாக்கி, தனக்கு மனச்சோர்வு இருந்ததையும் சாக நினைத்ததையும் 2014ல் வெளிப்படையாகச் சொன்னார். அப்படிச் சொன்னவர் அந்தத் தொழிலில் மிகக் குறைவு. உதவி தேடினார், சிகிச்சை எடுத்தார், மறுபடியும் குதிரை ஏறினார். 2018ல் கால்வே பிளேட் என்ற பெரிய பந்தயத்தை ஜெயித்தார். 2016ல் 6 முறை பிரிட்டிஷ் சாம்பியனான கீரன் ஃபாலன் ஓய்வு பெற்றபோது, காரணம் கடுமையான மனச்சோர்வு என்று மூடி மறைக்காமல் அறிவிக்கப்பட்டது. உடம்புக்கு முடியவில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆர்ச்சர் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் நடுவில் ஏதாவது மாறியிருக்கிறது என்றால் அது இதுதான்.

பந்தயத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கியைச் சேணத்தோடு தராசில் நிறுத்தி எடை பார்ப்பார்கள். சேணம், உடுப்பு, உடம்பு எல்லாம் கணக்கில் வரும். செத்துப்போன மனைவியும் குழந்தையும் எந்தத் தராசிலும் ஏறவில்லை. ஆனால் ஆர்ச்சர் அவர்களையும் சுமந்துகொண்டுதான் 246 முறை ஜெயித்தார்.

உங்கள் வகுப்பிலும் நன்றாக மார்க் வாங்கிக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு ஒருவர் இருக்கலாம். வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு நடந்திருக்கலாம். 'அவனுக்கென்ன, நல்லாத்தான இருக்கான்' என்று நகர்ந்துவிடாதீர்கள். 'எப்படி இருக்க?' என்று ஒரு தடவை கேளுங்கள். பதில் வரும்வரை கொஞ்சம் நில்லுங்கள். அந்த ஒருவர் நீங்களாகவே இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

காய்ச்சல் என்று சொல்ல வெட்கப்படாதவர்கள், இதைச் சொல்ல மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?