பாமினிக் கோப்புகளும் இரு இயங்குதளக் கணினியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கணினி பரவலாகப் புழங்கத் தொடங்கிய காலமும் விண்டோஸ் எக்ஸ்பி சந்தைக்கு வந்த காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்துவிட்டன. 1990இல் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டு, மின்கலமும் எரிபொருளும்கூடத் தடைப்பட்டியலில் இருந்த ஆண்டுகளை மண்ணெண்ணெய் விளக்கில் கழித்த நிலப்பகுதிக்கு, 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையும் அதைத் தொடர்ந்து ஏப்பிரலில் திறக்கப்பட்ட ஏ-9 வீதியும் கொண்டுவந்து சேர்த்த பொருள்களுள் கணினியும் ஒன்று. எக்ஸ்பி வெளியானது 2001 ஒக்ரோபரில். ஆகவே வேறு ஊர்கள் டொஸ், விண்டோஸ் 95, விண்டோஸ் 98 எனப் படிப்படியாக ஏறிவந்த இடத்துக்குக் குடாநாட்டின் கடைகளும் அச்சகங்களும் பலவும் ஒரே எட்டில் வந்து சேர்ந்தன. அவை அன்று முதல் ஆக்கிச் சேர்த்த கோப்புகளும் அந்த இயங்குதளத்தை நம்பியே பிறந்தன.

இயங்குதளம் என்பது கணினியின் வன்பொருளுக்கும் அதில் வேலை செய்பவர் திறக்கும் மென்பொருளுக்கும் நடுவே நின்று இரண்டையும் இணைத்து நடத்தும் அடிப்படை நிரல்தொகுதி ஆகும். அது மாறும்போது அதன்மேல் ஓடிய மென்பொருள்களுட் சில நின்றுவிடுகின்றன. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2014 ஏப்பிரல் 8ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. அதற்குப் பின்னரும் அச்சகத்தவர் ஒரே கணினியில் விண்டோஸ் 7ஐயும் எக்ஸ்பியையும் அருகருகே வைத்துக்கொண்டால், அதற்குப் பழக்கத்தை விடமாட்டாத மனநிலையைக் காரணமாகச் சொல்வது சரியாகாது. காரணம் கல்வெட்டு.

ஒருவர் இறந்து 31ஆம் நாள் நிகழும் அந்தியேட்டிக் கிரியையின்போது உற்றார் உறவினருக்கு வழங்கப்படும் நினைவு மலரையே யாழ்ப்பாணத்தார் கல்வெட்டு என்பர். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே இறந்த திதியைச் செய்யுளில் பதிக்கும் திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, தேவார திருவாசகங்கள், வம்சாவளி, நன்றி நவிலல் என அதன் அமைப்பு பெரிதும் மாறுவதில்லை. இவற்றுள் வம்சாவளியே அச்சுக்கோப்பவரின் பொறுமையை அதிகம் வாங்கும் பகுதி. பூட்டனிலிருந்து கொள்ளுப்பேரர் வரை கோடுகளால் இணைக்கப்பட்ட பெட்டிகளில் நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வரக்கூடும், ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் தொலைபேசியில் திருத்தங்கள் கடைசி இரவு வரை வந்துகொண்டிருக்கும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தபோது காணி உறுதியும் பிறப்புப் பதிவும் குடும்பப் படமும் இழந்த வீடுகள் பல. அத்தகைய ஒரு குடும்பத்துக்கு மூன்று தலைமுறையின் பெயர்களும் உறவுமுறையும் ஒருங்கே எழுதப்பட்ட ஒரே ஆவணம் அந்தக் கல்வெட்டாகவே இருந்துவிடுவதுண்டு.

இந்த மலர்கள் பக்கமாக்கப்பட்டது பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளில். எழுத்து பாமினி என்னும் எழுத்துரு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பாகிய 7.0, 2001இல் வந்தது, அதற்குப்பின் அடோபி நிறுவனம் அதை வளர்க்கவில்லை. அதன் இடத்தைப் பிடித்த இன்டிசைன், சிஎஸ்6 என்னும் பதிப்பு வரையில் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது, அதன்பின் வந்த பதிப்புகள் அந்த வசதியையும் கைவிட்டன. பாமினியின் சிக்கல் இன்னும் ஆழமானது. ஒருங்குறி எனப்படும் யுனிகோட் முறையில் தமிழெழுத்துகளுக்கும் அவற்றின் குறிகளுக்கும் உலகெங்கும் பொதுவான எண்கள் உண்டு. பாமினியிலோ ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டிருக்கின்றன. அதனால் ‘தமிழ்’ என்று திரையில் தெரியும் சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறப்பவர் காண்பது பொருளற்ற ஆங்கிலக் கோவையையே. எக்ஸ்பிக்கு ஒருங்குறித் தமிழ் தெரியாமலில்லை. அதன் மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவைச் சேர்த்தால் லதா எழுத்துருவில் தமிழ் ஒழுங்காகவே தெரியும். பேஜ்மேக்கருக்குத்தான் அது தெரியாது. அச்சகம் பேஜ்மேக்கரை நம்பியிருந்த வரையில் பாமினியையும் நம்பியே இருக்க நேர்ந்தது.

ஆகவே பழைய கல்வெட்டொன்றை ஆண்டுத் திவசத்துக்காகவோ வெளிநாட்டுப் பேரப்பிள்ளைக்காகவோ மறுபடி அச்சிடும் தேவை எழும்போது, அது ஆக்கப்பட்ட சூழலே திரும்பவும் தேவைப்படுகிறது. ஒரு வன்தட்டில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, கணினியை முடுக்கும்போது வேண்டியதைத் தெரிவுசெய்யும் ஏற்பாட்டுக்கு இரட்டைத் தொடக்கம் என்று பெயர். அதில் முதல் விதி, பழையதை முதலில் நிறுவ வேண்டும் என்பதே. மின்னைப் போட்டதும் பயோஸ் என்னும் அடிப்படை நிரல் வன்தட்டின் தொடக்கத்திலுள்ள 512 பைட் அளவான பதிவை வாசிக்கிறது. அப்பதிவு, செயற்படு பிரிவாகக் குறிக்கப்பட்ட பகுதியிலுள்ள ஏற்றியிடம் வேலையை ஒப்படைக்கிறது. எக்ஸ்பியின் ஏற்றி என்டிஎல்டிஆர் எனப்படும், அது பூட்.ஐஎன்ஐ என்னும் சிறிய உரைக்கோப்பைப் பார்த்து நடக்கும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து பூட்எம்ஜிஆர் என்னும் வேறொரு ஏற்றியும் பிசிடி என்னும் வேறொரு தரவுத்தொகுதியும் வந்தன. புதிய ஏற்றிக்குப் பழையதை அழைக்கத் தெரியும், பழையதற்குப் புதியது ஒன்று இருப்பதே தெரியாது. எக்ஸ்பிக்குப் பின்னர் விண்டோஸ் 7ஐ வேறொரு பிரிவில் நிறுவினால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ‘விண்டோஸின் முந்தைய பதிப்பு’, ‘விண்டோஸ் 7’ எனப் பொருள்படும் இரண்டு வரிகள் ஆங்கிலத்தில் தோன்றி, 30 விநாடி காத்திருக்கும்.

வரிசை மாறினால், அதாவது விண்டோஸ் 7 இருக்கும் கணினியில் பின்னர் எக்ஸ்பியை நிறுவினால், எக்ஸ்பி தன் ஏற்றியை அங்கே பதித்துவிட, கணினி எப்போதும் எக்ஸ்பியிலேயே தொடங்கும். இவ்விடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: விண்டோஸ் 7 அழிந்துபோகவில்லை, அதற்குப் போகும் வழி மட்டுமே மறைந்திருக்கிறது. விண்டோஸ் 7 இறுவட்டைப் போட்டுத் தொடக்கச் சீராக்கத்தை இயக்கியோ, பூட்செக்ட் என்னும் கட்டளையால் ஏற்றியைத் திரும்பப் பதித்தோ அதை மீட்டுக்கொண்டு, பிறகு பிசிடிஎடிட் கட்டளையால் எக்ஸ்பியையும் பட்டியலிற் சேர்க்கலாம். இதை அறியாமல் பதறி, வன்தட்டு முழுவதையும் ஃபோமற் செய்து ‘முதலிலிருந்து’ தொடங்குவதால் கோப்புகளை இழப்பவர்களும் உண்டு.

வேறு சில இடர்களும் உண்டு. சாட்டா வன்தட்டின் ஏஎச்சிஐ முறையை எக்ஸ்பியின் நிறுவுநிரல் அறியாததால் அது நீலத்திரையில் நின்றுவிடும். பயோஸில் ஐடிஈ முறைக்கு மாற்றிவிட்டே தொடங்க வேண்டும். விண்டோஸ் 7 இருக்கும் பிரிவை எக்ஸ்பி காணும்போது, அதிலுள்ள மீட்புப் புள்ளிகளை அழித்துவிடுகிறது. விண்டோஸ் 8 முதல் வந்த விரைவுத் தொடக்கம், கணினியை முழுமையாக நிறுத்தாமல் அரைத்தூக்கத்தில் வைப்பதால், அந்த நிலையில் எக்ஸ்பி அதே பிரிவில் எழுதினால் கோப்புகள் சிதையும். அதை முடக்கிவைப்பதே முறை. கல்வெட்டுக் கோப்புகளை இரண்டு இயங்குதளங்களுக்கும் பொதுவான மூன்றாவது பிரிவில் வைப்பது நல்லது. எக்ஸ்பியை இணையத்தோடு இணைக்கவே கூடாது. திருத்தம் நின்ற இயங்குதளம் பூட்டில்லாத வீடு.

புதிய கணினிகளில் இந்த ஏற்பாடே இயலாது. 2021இல் வந்த விண்டோஸ் 11, பயோஸுக்குப் பதிலான யூஈஎஃப்ஐ நிரலையும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது. யூஈஎஃப்ஐ வழியான தொடக்கத்துக்கு விண்டோஸ் வேண்டும் ஜிபிடி என்னும் பிரிவு அட்டவணை, 32 பிட் எக்ஸ்பிக்குப் புரியாது. அங்கே கைகொடுப்பது மெய்நிகர் கணினி, அதாவது வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற மென்பொருளுக்குள் எக்ஸ்பியை ஒரு சாளரமாக ஓடவிடும் முறை. பேஜ்மேக்கருக்கும் பாமினிக்கும் அது போதுமானது. சமாந்தரத் துறையில் பொருத்தும் பழைய லேசர் அச்சுப்பொறிக்கு அது எளிதில் உதவாது என்பதும், 64 பிட் விண்டோஸ் அதற்குரிய 32 பிட் இயக்கியை ஏற்காது என்பதும் உண்மையே. ஆனால் எக்ஸ்பிக்குள்ளேயே பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கிவிட்டால், எழுத்துருவும் உள்ளே பதிந்துவிடுவதால், எந்தக் கணினியிலிருந்தும் எந்த அச்சுப்பொறியிலும் அதை எடுக்கலாம்.

பிடிஎஃப் வடிவத்தைக் காக்கும், தேடலுக்கு உதவாது. பாமினிக் கோவையை அப்படியே சுமந்திருக்கும் பிடிஎஃப் கோப்பில் ஒரு பெயரைத் தமிழில் தட்டித் தேடினால் அகப்படாது. அதற்கு உரையை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். சுரதாவின் எழுத்துருமாற்றியும் என்எச்எம் மாற்றியும் இப்பணியை நெடுங்காலமாகச் செய்துவருகின்றன. எனினும் மாற்றிய உரையை ஒருவர் கண்ணால் ஒப்புநோக்கியே ஆக வேண்டும். பாமினியில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னே சேமிக்கப்படுகின்றன, ஒருங்குறியில் பின்னே. வரி முறிந்த இடத்தில் கொம்பு தனித்து நின்றால் பெயர் பிழைக்கும். நடுவே வரும் ஆங்கிலச் சொல்லையும், புலம்பெயர்ந்த மருமக்களின் அந்நியப் பெயர்களையும் எழுத்துருமாற்றி தமிழ்க் கிறுக்கலாக்கிவிடும். வம்சாவளியில் ஒரு பெயர் பிழைப்பது கட்டுரையில் ஒரு சொல் பிழைப்பது போன்றதன்று. அடுத்த தலைமுறை அதையே சரியென்று கொள்ளும்.

அச்சுக்கோப்பவர் புதிய விசைப்பலகை பழக வேண்டியதில்லை. பாமினி விசையமைப்பிலேயே ஒருங்குறியைத் தட்டச்சிடும் வசதி என்எச்எம் ரைட்டரில் உண்டு. ஆகவே இனி வரும் மலர்களைப் பாமினியில் ஆக்குவதற்கு நியாயம் எதுவும் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டதால், பல அச்சகங்கள் மறுபடி கணினி மாற்றும் வேளை இது. எக்ஸ்பி இருக்கும் பழைய பெட்டி பழைய இரும்புக்குப் போவதும் இத்தகைய வேளையில்தான். அதை அனுப்புவதற்குமுன் வன்தட்டை வெளியே எடுத்து, முழுவதையும் வேறொரு தட்டில் படியெடுத்து வைக்குமாறு அச்சக உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்வது மிகையாகாது. கல்வெட்டு அச்சிடக் கொடுக்கும் குடும்பத்தாரும் புத்தகக் கட்டோடு பிடிஎஃப் கோப்பையும் ஒருங்குறி உரையையும் கேட்டு வாங்க வேண்டும். 2005 முதல் ஈழத்து நூல்களையும் நினைவு மலர்களையும் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு படி அனுப்பிவைக்கவும் வேண்டும்.