இலந்தைச் செடியில் ஒரு கூட்டுக் குடும்பம்

திருத்தணிகை மலைக்கு 365 படிகள் என்று கணக்கு. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. சென்ற மாசி மாதத்தில் என் தாயாரையும், ஒன்பது வயது மருமானையும் அழைத்துக்கொண்டு அந்தப் படிகளை ஏறினேன். 'அழைத்துக்கொண்டு' என்று எழுதுவது சம்பிரதாயம். உண்மையில் எழுபத்திரண்டு வயதான அம்மாதான் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மூச்சு வாங்குவதற்குக் கௌரவமான ஒரு காரணத்தைத் தேடியபடி நான் பின்னால் போனேன்.

அந்தக் காரணம் படிக்கட்டின் ஓரத்து இலந்தைச் செடி ஒன்றில் கிடைத்தது. கிளைகளுக்கு நடுவே, சருகும் பூச்சித் தோலுமாகச் சேர்த்துத் திணித்த பழைய பஞ்சுத் தலையணை மாதிரி ஒரு கூடு. அதிலிருந்து நாற்புறமும் அழுக்கு வேஷ்டியை உலர்த்தியதுபோல் வலை. மருமான் அதற்குள் ஒரு குச்சியைத் தயார் செய்துவிட்டான்.

"இருடா, அது ஓர் ஊர்" என்று தடுத்தேன்.

பொய்யில்லை. சிலந்தி என்றாலே தனிமையும் சண்டையுமான ஜந்து. ஒரு வலையில் இரண்டு சேர்ந்தால் ஒன்று மற்றொன்றுக்கு ஆகாரம். ஆனால் இந்தச் சாதியோ நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டில் குடித்தனம் செய்வது. ஒவ்வொன்றும் அரை அங்குலத்துக்கும் குறைவு. நிறம் புழுதி நிறம். 1892-ல் கார்ஷ் என்பவர் இதற்கு 'ஸ்டெகோடைபஸ் சரஸினோரம்' என்று பெயரிட்டார். இலங்கையில் ஆராய்ச்சி செய்த சரஸின் என்ற ஸ்விஸ் நாட்டவர் இருவரின் ஞாபகார்த்தமாம். நம் மண்ணின் பூச்சிக்கு ஸ்விஸ்காரர் பெயர்! ஆனால் மனத்தாங்கல் வேண்டாம். இதன் நடையுடை பாவனைகளைக் கூர்ந்து கவனித்து எழுதியவர் ஜம்புநாதன் என்ற நம்மவர். அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனம் 1905-ல் அதை வெளியிட்டது.

இதன் உறவினர்கள் பாலைவனவாசிகள். இஸ்ரேலின் நெகேவ் பாலையில் ஒன்று, தென்னாப்பிரிக்காவின் வறண்ட காடுகளில் ஒன்று. திருத்தணியின் வெயிலும் பாறையும் நம்மவருக்கும் ஒத்துப் போய்விட்டன. வலையில் பசை கிடையாது. உலர்ந்துபோக அதில் ஒன்றும் இல்லை. பின்னங்கால் சீப்பினால் நூலைச் சிக்கெடுத்துக் கம்பளி மயிர்போல் ஆக்கிவிடுகின்றன. பூச்சியின் கால் முள் அதில் மாட்டினால் மீளாது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வெட்டுக்கிளி வந்து விழுந்தது. வலை அதிர்ந்ததும் கூட்டிலிருந்து நாலைந்து புறப்பட்டன. ஆளுக்கொரு காலைப் பற்றி இழுத்தன. வெட்டுக்கிளியின் பருமனில் அவை ஒவ்வொன்றும் ஒரு மூலைக்குக் காணாது.

"ஊருக்குத் தலைவர் யார், மாமா?" என்றான் பையன்.

"யாருமில்லை. பெண்கள்தான் ஏராளம். ஆண்கள் சொற்பம்."

"அப்படியானால் நடக்கும்" என்றாள் அம்மா.

படித்ததையெல்லாம் சொல்லிவிடுவது என் சுபாவம். மேலே சொன்னேன். குஞ்சுகள் வெளிவந்ததும் தாய் தன் வயிற்றிலிருந்து திரவத்தைக் கக்கி அவற்றுக்கு ஊட்டுகிறது. நெகேவ் சிலந்தியைச் சோதித்ததில், முட்டையைக் காக்கும்போதே அதன் உள்ளுறுப்புகள் சிறிது சிறிதாகக் கரையத் தொடங்குவது தெரிந்தது. கடைசியில் கொடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாதபோது குஞ்சுகள் தாயின்மேல் ஏறி, அதையே உண்டுவிடுகின்றன. தாய் எதிர்ப்பதில்லை. ஆப்பிரிக்க இனத்தில் பிள்ளை பெறாத சித்திமார்களுக்கும் இதே கதி.

"ஐயோ! அது ஏன் ஓடிப்போகவில்லை?" என்றான் மருமான்.

"எங்கேடா ஓடுவாள், குழந்தைகள் பசித்திருக்கும்போது?" என்றாள் அம்மா, வெகு சாதாரணமாக.

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். காலேஜில் நான் சேர்ந்த வருஷம் அம்மாவின் கையில் இரண்டு தங்க வளையல்கள் இருந்தன. பிறகு இல்லை. கேட்டதற்கு, "வேலை செய்யும்போது இடிக்கிறது, கழற்றி வைத்திருக்கிறேன்" என்றாள். விஞ்ஞானம் படித்த புத்திசாலி நான், அதை மூன்று வருஷம் நம்பினேன். அடகுக்கடை ரசீது பரணில் கிடைத்த அன்றுகூட நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்று வரையில் கேட்டதில்லை.

பேச்சை மாற்றுவதற்காக, ஊர் எல்லையைப் பற்றி ஏதோ சொன்னேன். திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்ததையும், ம. பொ. சி. முதலானோரின் கிளர்ச்சியையும், 1960 ஏப்ரலில் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததையும் சொன்னேன். சித்தூர்ப் பக்கத்துக் குப்பத்திலும் இதே சிலந்திகளை ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்திருக்கிறார்கள் என்றேன். அம்மா கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"வளையல்..." என்று ஆரம்பித்தேன்.

"எந்த வளையல்? இன்னும் பாதிப் படி இருக்கிறது, நட" என்றாள்.

தரிசனம் முடிந்து இறங்கும்போது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இலந்தைச் செடி அருகில் மருமான் குச்சியில்லாமல் குனிந்து பார்த்தான். வெட்டுக்கிளியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் இன்னும் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள்.