ஒரு வாரம் கழித்து

எங்கள் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும், அது முடிந்து ஒரு வாரம் கழித்து எங்கள் பூனை மிளகுக்கு வலது கண் கலங்கும். தீபாவளிக்குப் பிறகு கலங்கியிருக்கிறது. சுவருக்குப் பெயின்ட் அடித்தபோது, நாத்தனார் குடும்பம் கோடை விடுமுறைக்கு வந்து தங்கிப் போனபோது, வேளச்சேரியிலிருந்து இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது என்று எல்லாவற்றுக்கும் பின்னால் இது வந்து நின்றிருக்கிறது. முதலில் அந்தக் கண்ணை மட்டும் பாதி மூடி வைத்துக்கொள்வாள். மறுநாள் நீர் வடியும். பிறகு தும்மல், மூக்கோரத்தில் பழுப்பு நிறத்தில் பீளை.

புகையோ தூசியோ காரணம் என்றால் அன்றைக்கே அல்லவா எரிய வேண்டும்? ஏன் ஒரு வாரம்? இதை எங்கள் டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் இந்த நோயை எனக்கு விளங்கவைத்தது.

இது ஃபீலைன் ஹெர்பிஸ் வைரஸ் 1. பூனைக்குத்தான் வரும், மனிதருக்கோ நாய்க்கோ தொற்றாது. பெரும்பாலான பூனைகள் குட்டியாக இருக்கும்போதே தாயிடமிருந்தோ கூடப் பிறந்தவற்றிடமிருந்தோ இதை வாங்கிக்கொள்கின்றன. மிளகை ஒரு மழை நாளில் டிரான்ஸ்ஃபார்மர் மேடைக்குப் பின்னாலிருந்து எடுத்தபோது இரண்டு கண்களும் சீழ் பிடித்து ஒட்டிக்கிடந்தன. அதுதான் முதல் தாக்குதல். அதிலிருந்து பிழைக்கிற பூனைகளில் சுமார் 80 சதவீதம் வைரஸை ஆயுளுக்கும் சுமக்கின்றன. முகத்துக்குப் போகிற நரம்பின் முடிச்சில் அது ஒடுங்கிக்கொள்கிறது. மருந்து எதுவும் அங்கிருந்து அதைத் துரத்தாது. பூனை மிரண்டாலோ, இடம் மாறினாலோ, குட்டி போட்டுப் பால் கொடுத்தாலோ, உடம்பில் ஸ்டீராய்டு ஏறினாலோ விழித்துக்கொண்டு, நரம்பு வழியே கண்ணுக்கும் மூக்குக்கும் இறங்கி வருகிறது. அப்படி விழித்துப் பெருகி வெளியே வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது.

இவ்வளவும் தெளிவாகக் கேட்ட பிறகும் நான் வேறு வேறு டாக்டர்களிடம் போனேன். வேறு மருந்து வேண்டிப் போகவில்லை. “இனிமே வராதும்மா” என்று ஒருவராவது சொல்ல மாட்டாரா என்றுதான் போனேன். ஒருவரும் சொல்லவில்லை. பொய் சொல்லி அனுப்பாத அத்தனை பேருக்கும் இன்று மனதார நன்றி சொல்கிறேன். குணமாக்க வேண்டும் என்ற தவிப்பு அடங்கிய பிறகுதான் அவளை ஒழுங்காகக் கவனிக்க என்னால் முடிந்தது.

கண் என்றால் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். “நந்தியாவட்டைய விட ஒசந்தது என்னடி இருக்கு?” என்று அம்மா பூவோடு வந்து நின்றாள். மிளகின் கண்ணில் எதையும் பிழிய விடமாட்டேன் என்றதும், ஒன்றும் பேசாமல் பூவைச் சாமி படத்துக்கு வைத்தாள். அம்மாவின் பூவைவிட நான் பயப்படுவது மெடிக்கலில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற சொட்டு மருந்துகளுக்கு. ஆன்டிபயாடிக்கோடு டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு சேர்ந்த மருந்துகள் அவற்றில் நிறைய உண்டு. விட்டவுடன் சிவப்பு குறையும், பூனையும் கண்ணைத் திறக்கும். அடியில் கருவிழியில் ஹெர்பிஸ் புண் இருந்தால் அது ஆழமாகிக்கொண்டே போகும்; கண்ணே போய்விடலாம்.

புண் இருக்கிறதா என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. ஆரஞ்சு நிறச் சாயத்தாள் ஒன்றை ஈரப்படுத்தி இமையோரத்தில் தொட்டார் டாக்டர். கண்ணைக் கழுவிவிட்டு, விளக்கை அணைத்து, நீல ஒளியை அடித்தார். மிளகின் கருவிழியில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று கிளைவிட்டு ஓடியது. மரக்கிளை போன்ற அந்தக் கோடு ஹெர்பிஸின் கையெழுத்து. அதைப் பார்த்த நாளிலிருந்து, எந்தச் சொட்டு மருந்தானாலும் அட்டையில் அச்சடித்திருப்பதை முழுக்கப் படிக்காமல் நான் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை.

மாத்திரையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மனிதர்களுக்கு அக்கிக்குக் கொடுக்கிற அசைக்ளோவிர் பூனைக்கு அவ்வளவாக வேலை செய்யாது, நஞ்சாகவும் ஆகும். வாலசைக்ளோவிர் உயிரையே எடுத்துவிடும். பூனைக்கு ஏற்றது ஃபாம்சைக்ளோவிர். அதுவும் எடை பார்த்து டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான். லைசின் பொடி கொடுக்கச் சொல்லிப் பலர் இன்னமும் சொல்கிறார்கள். இருக்கிற ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2015-இல் வெளிவந்த கட்டுரை, அதனால் பயன் என்பதற்கு ஆதாரமில்லை, கொடுப்பதை நிறுத்திவிடலாம் என்றது. நாங்களும் வாங்குவதில்லை.

சொட்டு மருந்து விடுவது ஒரு கைப்பழக்கம். மிளகை என் மடியில் எனக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, கழுத்துவரை துண்டைச் சுற்றுவேன். காய்ச்சி ஆறவைத்த நீரில் நனைத்த பஞ்சால், உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சை அடுத்த கண்ணில் வைக்கக் கூடாது. குப்பியைத் தலைக்குப் பின்னாலிருந்து கொண்டுவர வேண்டும். முன்னாலிருந்து வந்தால் பார்த்துவிடுவாள், அவ்வளவுதான். இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடம் விட வேண்டும். முடிந்ததும் உப்பில்லாமல் வேகவைத்த நெத்திலி, கட்டாயம். எதிர்ப்பு குறைந்ததற்கு அந்த நெத்திலிதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் தட்டைப் பார்க்க மறந்துபோகும். மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சாப்பாட்டை வெதுவெதுப்பாக்கி வைத்தால் மணம் எழும்பும். அதற்கும் வரவில்லையென்றால் அன்றே டாக்டரிடம் போய்விடுவோம்.

இனி, எழுதவே கூச்சமாக இருக்கிற ஒன்று. தெருக்குட்டிகளை எடுத்துவந்து, தேற்றி, நல்ல வீடு பார்த்துக் கொடுப்பதை நான் பல வருடம் செய்தேன். என் வாழ்க்கையில் நான் பெருமைப்படுகிற காரியம் அது. மிளகுக்காக அதை நிறுத்திவிட்டேன். புதுக்குட்டி வந்தால் அவள் மிரள்வாள், கண் கலங்கும். அப்போது அவளிடமிருந்து வெளிவரும் வைரஸ் அந்தக் குட்டிக்கும் போகும். முடிவு சரி என்று இன்றும் சொல்வேன். ஆனால் கேட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது குட்டி கத்தினால், அன்றிரவு தூக்கம் வருவதில்லை.

போன மாதம் கீழ்வீட்டுச் சிறுமி மூச்சிரைக்க ஓடிவந்தாள். “ஆன்ட்டி, குட்டி கண்ணே தெறக்கல.” நான் படிக்கட்டில் நின்றபடியே சொன்னேன்: வெந்நீர் ஆறட்டும், பஞ்சை நனைச்சு அப்படியே ஒத்தி வை, பிய்ச்சு இழுக்காதே, இன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும். சீழோடு மூடிக்கிடந்தால் குட்டிகளுக்கு இமையின் உள்சவ்வு கருவிழியோடு ஒட்டிவிடக்கூடும். ஆட்டோ பிடித்து அவளையும் அவள் அம்மாவையும் அனுப்பிவைத்தேன், செலவு என்னுடையது. குட்டி அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது, கண்ணும் திறந்துவிட்டது. முழுக்கத் தேறியதும் தடுப்பூசிக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன். ஏற்கெனவே உள்ளே புகுந்த வைரஸை அது வெளியேற்றாது. ஆனால் அடுத்த முறை வரும்போது வேகம் குறைவாக இருக்கலாம்.