கருகிய முற்றம்

சென்ற ஹஜ்ஜுப் பெருநாள் இரவு என் பிள்ளைகளும் தங்கையின் பிள்ளைகளும் சேர்ந்து எங்கள் முற்றத்தில் இறைச்சி சுட்டார்கள். இஷாவுக்குப் பின் பள்ளியில் சற்றுத் தாமதித்து நான் வீடு திரும்பியபோது ஒருவரிடமும் பேச்சில்லை. கரி அடுப்பு சரிந்து கிடந்தது. முற்றத்தில் விரித்திருந்த செயற்கைப் புல்லில் இரண்டு உள்ளங்கை அளவு இடம் உருகிக் கறுத்துக் கட்டியாகிப் போயிருந்தது.

அந்தப் புல்லை நான் 2019ல் விரித்தேன். மார்க்கம் படித்தவருக்கு பிளாஸ்டிக் புல் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். எங்கள் ஊர் மணற்பாங்கானது. முற்றமோ சிறியது, உயர்ந்த மதிலின் நிழலில் நட்ட புல் எதுவும் பிழைக்கவில்லை. உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். மணலில் கால் புதைந்து ஒருமுறை விழுந்தும் விட்டார். அஸருக்குப் பின் கதிரை போட்டு அமர்ந்து தஸ்பீஹ் ஓதுவதற்கு அவருக்கு வீட்டில் வேறு இடமுமில்லை. செயற்கைப் புல் பெயர் பெற்ற கதையும் வெளிச்சமில்லாமைதான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கூரையிட்ட அஸ்ட்ரோடோம் அரங்கில் கண் கூசுகிறதென்று ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரைக்கு வர்ணம் பூசினார்கள். உள்ளே நட்ட புல் செத்துப்போயிற்று. 1966ல் அங்கே நைலோன் புல் விரித்தார்கள்.

அன்றிரவு கோபத்தில் பிள்ளைகளிடம் நான் பேசியதை எழுத வெட்கமாக இருக்கிறது. “முழுவதையும் கழற்றி வீசுங்கள்” என்றும் சொன்னேன். மனைவிதான், “கொஞ்சம் பொறுங்க, இத விரிக்கிற ஒரு தம்பியிட நம்பர் நானாட்ட இருக்கு” என்றாள்.

மறுவாரம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவரைக் கண்டதும் என் தலை தானாகக் குனிந்தது. “ஹஸரத், என்னத் தெரியுதா?” என்றார். தெரியாமலா? எமது அரபுக் கல்லூரியில் மூன்றாம் வருடம் வரை என்னிடம் ஓதியவர். ஸர்ஃபு வாய்ப்பாடு அவர் நாவில் நிற்காது. ஆசிரியர் கூட்டத்தில், “இவருடைய இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கலாம்” என்று முதலில் சொன்னவன் நான். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாப்பாவின் பின்னால் அவர் பஸ் நிலையத்துக்கு நடந்துபோனதை வகுப்பறை ஜன்னலால் பார்த்தேன். பிறகு கத்தாருக்குப் போய், விளையாட்டுத் திடல்களுக்குப் புல் விரிக்கும் வேலையைக் கற்று வந்திருக்கிறார்.

கருகிய இடத்தைச் சுற்றி முழங்காலிட்டு விரலால் தடவிப் பார்த்தார். “முழுசாக் கழட்டத் தேவையில்ல ஹஸரத். விரிச்ச நேரம் மிஞ்சின துண்டு ஏதும் இருக்கா?” அலுமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதை அங்கே வைத்துப் பார்த்தார். வெயிலில் வெளிறிய பழையதின் நடுவே புதியது பச்சைப் பசேலென்று தனியே தெரிந்தது. எழுந்துபோய் மதிலோரத்துப் பூச்சாடிகளை நகர்த்தி, அங்கிருந்த பழைய புல்லில் ஒரு சதுரம் வெட்டினார். அதைக் கருகிய இடத்துக்கும், புதியதைச் சாடிக்குக் கீழும் வைக்கலாமாம். இந்த யுக்தி எனக்குத் தோன்றியிருக்காது.

வெட்டுவதிலும் விஷயமிருக்கிறது. மேலிருந்து வெட்டினால் இழைகள் அறுந்துவிடும். ஆகவே புல்லைப் புரட்டி, அடித்துணியில் தையல் வரிசைகளுக்கு இடையே கத்தியை ஓட்டினார். கருகிய துண்டையே அளவாக வைத்து மற்றதை வெட்டினார். பொருத்துமுன் இழை எந்தப் பக்கம் சாய்கிறதென்று இரண்டிலும் பார்த்தார். திசை மாறினால் எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் ஒரு பக்கத்திலிருந்து பார்க்க நிறம் வேறாகத் தெரியுமாம். கீழே மணலை மட்டமாக்கி, இணைப்பு நாடாவைப் பாதி பழையதன் அடியிலும் பாதி துண்டின் அடியிலும் வருமாறு விரித்துப் பசை பூசினார். ஈரம் இருந்தால் பசை பிடிக்காது. மழை நாளில் இவ்வேலை ஆகாது. மூட்டில் அகப்பட்ட இழைகளை ஒரு ஆணியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

குழாயடியிலிருந்து வாசல் வரை நாம் வுழூ செய்துவிட்டு நடக்கும் பாதையில் புல் படுத்துப்போயிருந்தது. அது தேய்ந்ததென்று நினைத்திருந்தேன். தும்புத்தடியால் சாய்வுக்கு எதிராகக் கூட்டி, காய்ந்த சிலிக்கா மணலைத் தூவி மறுபடியும் கூட்டினார். பெரும்பகுதி எழுந்து நின்றது. கம்பித் தூரிகை மட்டும் கூடாது, இழையைக் கிழித்துவிடும் என்றார்.

தங்கையின் சின்ன மகள் அதில் அடிக்கடி சிறுநீர் கழிப்பதை என் மனைவி சொன்னாள். நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: “வெயில்ல காஞ்சா சுத்தம் எண்டு விடாதீங்க மாமி. நம்மட ஷாபிஈ மத்ஹபுல அது சரிவராது. ஈரத்த ஒத்தி எடுத்துட்டுத் தண்ணி ஊத்துங்க. கீழ ஓட்ட இருக்கு, மணலுக்குள்ள போயிரும். அந்தக் காட்டரபி பள்ளிக்குள்ள சிறுநீர் கழிச்ச நேரம் நபி (ஸல்) அவங்க ஒரு வாளித் தண்ணி ஊத்தச் சொன்னாங்களே.” பிறகு என் பக்கம் திரும்பி, “ஹஸரத் ஓதித் தந்ததுதான். தஹாரத் பாடம் மறக்கல்ல. ஸர்ஃபுதான் இன்னும் வராது” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. மூட்டின் மேல் மணல் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தவரிடம், அன்றைய கூட்டத்தில் நான் சொன்னதைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். கடைசிப் பையை வைத்துவிட்டுக் கையைத் தட்டினார்.

“தெரியும் ஹஸரத். வாப்பாட்ட அன்றைக்கே சொன்னாங்க.” சற்றுப் பொறுத்து, “நாளைக்கு அஸர் மட்டும் இதுல ஒருத்தரையும் மிதிக்க விடாதீங்க” என்றார்.

மறுநாள் அஸர் வரை நான் திண்ணையிலேயே கிதாபோடு அமர்ந்திருந்தேன். தங்கையின் மூத்த மகன் மதிலுக்கப்பால் நின்று எட்டிப் பார்த்தான். உள்ளே கூப்பிட்டு, பைகளைத் தூக்க அவனையும் சேர்த்துக்கொண்டேன். உம்மா தன் கதிரையை வழமையான இடத்தில் போடச் சொன்னார். எந்த இடத்தில் ஒட்டியதென்று கேட்டுக் குனிந்து பார்த்தார், அவருக்குத் தெரியவில்லை.