நிறுத்துவோமா... குறைப்போமா?

காலேஜ்ல ‘மாதிரி ஐ.நா. சபை’ நடந்தா, சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கொரு நாடு கொடுப்பாங்க இல்லையா? எனக்கு வந்த சீட்டு ‘இந்தியா’! பேச வேண்டிய விஷயம்: 2021 நவம்பர் 13, கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டின் கடைசி நாள்.

அன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா? நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாக ‘நிறுத்துவோம்’ என்ற பாதையில் போனது தீர்மானம். முடிகிற நேரத்தில் நம்ம அமைச்சர் பூபேந்தர் யாதவ், அதைப் படிப்படியாக ‘குறைப்போம்’னு மாத்தச் சொன்னார். ஒரே ஒரு வார்த்தை! தீவு நாடுகள் கொதிச்சுப் போயின. தலைமை வகித்த அலோக் சர்மா மன்னிப்புக் கேட்டு, பேச முடியாமல் கண் கலங்கினார். ஆனாலும் கிட்டத்தட்ட 200 நாடுகளும் ஏத்துக்கிட்டாங்க.

நம்ம பக்கம் நியாயம் இல்லாமலா? ‘பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனா அளவு வேற வேற’ என்பது 1992-லேயே ரியோவில் ஒப்புக்கொண்ட விஷயம். கார்பன் டை ஆக்சைடு வெளியிடுவதில் இந்தியா உலகத்திலேயே மூணாவது. ஆனா தலைக்குக் கணக்குப் போட்டா, ஒரு இந்தியருக்கு வருஷத்துக்கு சுமார் 2 டன். ஒரு அமெரிக்கருக்கு சுமார் 14 டன்! அதோட, எண்ணெய், கேஸ் எரிப்பதைக் குறைக்கணும்னு கிளாஸ்கோ தீர்மானத்தில் ஒரு வரி கிடையாது. நிலக்கரி மட்டும்தான் வில்லனா?

எனக்கு இது வெறும் போட்டி இல்லீங்க. எங்க ஊர் நெய்வேலி. அப்பாவுக்கு அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. என் காலேஜ் ஃபீஸ்கூட பழுப்பு நிலக்கரி கொடுத்ததுதான். ‘நிறுத்துவோம்’னா எங்க வீட்ல என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

முதல் நாள் ராத்திரி, அப்பாகிட்ட பேச்சைப் படிச்சுக் காட்டினேன். பாராட்டுவார்னு பார்த்தா, “அந்த 2 டன் நமக்குமா? நம்ம வீட்ல ரெண்டு ஏ.சி. ஓடுது. சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துட்டுப் போனவங்களுக்கும் அதே கணக்கா?” என்றார்.

“அது சராசரிப்பா...”

“அதாம்மா. இல்லாதவன் கணக்குக்குப் பின்னாடி நாம ஒளிஞ்சுக்கறோம்!”

பொளேர்னு அறைஞ்ச மாதிரி இருந்தது.

மறுநாள் பேசினேன். செம கைதட்டல்! ஆனா, மாலத்தீவா வந்த ஜூனியர் பொண்ணு மெதுவா எழுந்து, “குறைப்போம்னா எந்த வருஷத்துக்குள்ள அக்கா?”னு கேட்டா. அவ நாட்டுல பெரும்பாலான நிலம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. என்கிட்ட பதில் இல்லை. ஏன்னா, கிளாஸ்கோ தீர்மானத்திலும் அதுக்கு வருஷம் இல்லை. வெளியிடுவதையும் உறிஞ்சுவதையும் சமமாக்க இந்தியா அங்கே சொன்ன கெடு 2070. அப்போ எனக்கே அறுபத்தஞ்சு வயசு!

இப்பவும் சொல்றேன், உலக மேடையில் இந்தியா கேட்கிற நியாயம் சரிதான். ‘நிறைய எரிச்சவங்க முதல்ல குறைக்கணும்.’ ஆனா அதே நியாயம் நம்ம ஊருக்குள்ளேயும் வேணும் இல்லையா? முதல்ல குறைய வேண்டியது எங்க வீட்டு ஏ.சி.; காப்பாத்தப்பட வேண்டியது ப்ளான்ட்டில் வேலை பார்க்கிற கான்ட்ராக்ட் தொழிலாளியோட சோறு.

சிறந்த பேச்சாளர் கப் எனக்குத்தான். அதை டி.வி. பக்கத்தில் வெச்ச கையோட, அப்பா ஒரு ஏ.சி.யை ஆஃப் பண்ணிட்டார். வேர்த்துக் கொட்டுது பாஸ்!

அடுத்த தடவை ‘இந்தியா’ சீட்டு உங்களுக்கு வந்தா, கம்பீரமா பேசுங்க. கையில உங்க வீட்டு கரன்ட் பில்லையும் வெச்சுக்கங்க!