கியர் வைத்த வண்டி

ஜூன் 8, ஞாயிறு

இன்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். தோசைக் கல்லைப் பார்த்துக்கொண்டே, "நான் ஒரு புல்லட் எடுக்கலாம்னு இருக்கேங்க" என்றேன். "யாருக்கு?" என்றார். எனக்குத்தான் என்றதும் பேப்பரை மடித்து வைத்தார். கேலி செய்வார், செலவுக் கணக்குப் பேசுவார் என்று இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவரோ "வேணாம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தோசைதான் கருகியது.

ஜூன் 11, புதன்

அவர் பயம் சும்மா வந்ததல்ல. அவருடைய சித்தப்பா மகன் சமயபுரம் தாண்டி பைபாஸில் விழுந்த இரவு, ஆஸ்பத்திரி வராண்டாவில் விடிய விடிய நின்றவர் இவர்தான். தம்பி பிழைத்துக்கொண்டான், இன்னமும் விந்தி விந்தித்தான் நடக்கிறான். ஆகவே இதை ஆம்பளைத் திமிர் என்று ஒதுக்கிவிட எனக்கு மனசு வரவில்லை. ஒதுக்க முடிந்திருந்தால் வேலை சுலபமாகியிருக்கும்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் ஏறி, சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றையொன்று முந்தும் தனியார் டவுன் பஸ்களுக்கு நடுவே நுழைந்து, பள்ளிக்கூடத்துக்கு ஆக்டிவாவில்தான் போகிறேன். பின்னால் மகள், முன்னால் காய்கறிப் பை. அதற்கு யாரும் பயந்ததில்லை. "வரும்போது கேஸ் புக்கிங் பத்திக் கேட்டுட்டு வா" என்பார்கள், அவ்வளவுதான்.

ஜூன் 15, ஞாயிறு

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். எஸ்டி வண்டி வைத்திருந்தார். மைசூரில் செய்த வண்டி, கிக்கரும் கியரும் ஒரே லிவர்: உதைத்துக் கிளப்பிவிட்டு அதையே மடக்கிவிட்டால் கியர். கல்லூரி நாட்களில் ஜி கார்னர் மைதானத்தில் வைத்து எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கிளட்சை விடும்போது வண்டி கேட்கிறதா முரண்டு பிடிக்கிறதா என்று உள்ளங்கையில் தெரியும். அந்த உணர்வு ஸ்கூட்டரில் கிடையாது; முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். என் கல்யாணச் செலவோடு அந்த எஸ்டியும் போயிற்று. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும்தான்.

எனக்கு வேண்டியது போக்குவரத்து இல்லை, அதற்கு ஆக்டிவாவே போதும். வண்டி ஓட்டுவதுதான் வேண்டும். இதை வீட்டில் எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை. பொம்பளை ஒரு சாமான் கேட்டால் அதற்கு உபயோகம் இருந்தாக வேண்டும். மிக்சி கேட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஜூன் 20, வெள்ளி

கணக்கு டீச்சர் என்றால் கணக்கோடுதான் சண்டை போடவேண்டும். மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கையை எடுத்து உட்கார்ந்தேன். 2022இல் நாடு முழுவதும் விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். மாநிலங்களில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நமக்கு: 64,105.

அவர் பக்கம்தான் பலம் கூடுகிறது என்று நினைத்தபோது இன்னொரு வரி கண்ணில் பட்டது. ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்தவர்கள்.

இத்தனை வருஷமும் அவருடைய ஸ்ப்ளெண்டரின் பின்னால், புடவையோடு ஒரு பக்கமாக, ஒரு கையில் குழந்தையும் மறுகையில் கம்பியுமாக உட்கார்ந்து போனவள் நான். தலையில் மல்லிகைப்பூ மட்டும். ஹெல்மெட் அவருக்கு, அதுவும் பாதி நாள் பெட்ரோல் டேங்க் மேல் இருக்கும், போலீஸைப் பார்த்ததும் தலைக்கு ஏறும். அப்போதெல்லாம் வராத பயம், ஹேண்டில்பாரை நான் பிடிக்கிறேன் என்றதும் வருகிறது.

படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "டவுன்ல முப்பதுல போறதும் ஹைவேல எண்பதுல போறதும் ஒண்ணா?" என்றார். அது நியாயமான கேள்வி. புல்லட் வாங்குகிறவள் சத்திரத்தோடு நிற்கமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கொல்லிமலை என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்று எண்ணிக்கையோடு வந்து நிற்கிறார்.

ஜூன் 27, வெள்ளி

ஷோரூமுக்குப் போனோம். "சும்மா பாக்கத்தான்" என்று வாசலிலேயே விற்பனைப் பையனிடம் சொல்லிவிட்டார். பையன் அவரைப் பார்த்தே பேசினான். "ஓட்டப்போறது அவங்க" என்று இவரே திருத்தினார். அந்த இடத்தில் பாதி ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஐம்பதுகளிலிருந்து திருவொற்றியூரில் செய்த வண்டி என்பதில் இவருக்கு ஒரு ஊர்ப்பாசம் உண்டு, அதைக் காட்டிக்கொள்ளவில்லை. எடையைக் கேட்டார்: 195 கிலோ. ஆக்டிவாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏறி உட்கார்ந்து நிமிர்த்தினேன், நின்றது. ஓடும்போது அந்த எடை ஒன்றும் செய்யாது. சாய்வான இடத்தில் நிற்கும்போதும், ஜல்லியில் பின்னுக்குத் தள்ளும்போதும்தான் கவிழும். அதை நானே ஒப்புக்கொண்டேன்.

பிரேக் விஷயத்தில் என் கை ஓங்கியது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம், சடன் பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காது. அதற்குக் கீழே உள்ள வண்டிகளுக்கு இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடித்தாலே போதும் என்று சட்டம் விட்டுவிட்டது. என் ஆக்டிவா அந்த ரகம். மழையில் அதைவிட இது நல்லது என்றேன். பையனும் ஆமாம் மேடம் என்றான். அவன் விற்கிறவன், ஆமாம் என்றுதான் சொல்வான் என்றார் வெளியே வந்து.

ஜூலை 6, ஞாயிறு

என் லைசென்ஸ் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். எல்.எல்.ஆர். எடுத்து, முப்பது நாள் கழித்து ஆர்.டி.ஓ. முன்னால் எட்டு போடவேண்டும். அவருடைய ஸ்ப்ளெண்டரிலேயே பழகுகிறேன். ஓரமாக நின்று பார்க்கிறார். எட்டின் வளைவில் காலை ஊன்றினால், "கீழ பாக்காத, போற இடத்தப் பாரு" என்கிறார். வேண்டாம் என்று சொல்கிறவர் தருகிற பாடம் மாதிரி இல்லை.

அத்தை காதுக்கு விஷயம் போய்விட்டது. பெரிய புயல் வரும் என்று எதிர்பார்த்தேன். வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே, "ஆடில யாராவது வண்டி எடுப்பாளா? ஆவணில பாத்துக்கோ" என்றார். ஆட்சேபணை மாதத்துக்குத்தான், வண்டிக்கு இல்லை! இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபத்தில் கூட்டம் தள்ளியது. சித்ரான்னம் சாப்பிட்டுவிட்டு ஒரு வழியாகப் பேசி முடித்தோம்.

அவர் கேட்டது: முகம் மூடிய ஹெல்மெட், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு. ஹைவேயில் இரவு ஓட்டக்கூடாது. முதல் வருஷம் முக்கொம்பு, கல்லணை, மிஞ்சினால் புளியஞ்சோலை. எனக்குச் சம்மதம்.

நான் கேட்டது: அவரும் தலையில் போட்டு, தாடைப் பட்டையை மாட்டவேண்டும், தெருமுனைக் கடைக்குப் போனாலும். மகளுக்கும் ஒன்று, ஆக்டிவாவுக்கும் சேர்த்து. நாலு வயது தாண்டிய எவருக்கும் கட்டாயம் என்பதுதான் சட்டம். ஹெல்மெட் இருந்தால் மரணம் 42 சதவீதம், தலைக்காயம் 69 சதவீதம் குறைகிறது என்று காக்ரேன் மதிப்பாய்வு சொல்வதையும் எடுத்துவிட்டேன். "அந்தத் தெருமுனைக்குமா?" என்றார். அந்தத் தெருமுனைக்கும்தான்.

கொல்லிமலை மட்டும் முடிவாகவில்லை. போவதானால் பின்னாலேயே காரில் வருவேன் என்கிறார். அதற்கு நான் வீட்டிலேயே இருந்துவிடலாம்.