சுபிக்‌ஷாவும் செட்டியார் கடை நோட்டும்

2000-கள்ல சென்னையில குடியிருந்தவங்களுக்கு சுபிக்‌ஷாவை மறந்திருக்காது. ஏசி கிடையாது, அலங்காரம் கிடையாது, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி சின்னதா ஒரு கடை. மருந்துக்கு 10 சதவீதம் தள்ளுபடி. மாசாமாசம் பிபி மாத்திரை, சுகர் மாத்திரை வாங்குற வீட்டுல அது சின்ன விஷயம் இல்லீங்க.

1997-ல் திருவான்மியூரில் ஆர். சுப்பிரமணியன் ஆரம்பிச்சது. பல வருஷம் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருந்தாங்க. அப்புறம் வந்துச்சு பாருங்க ஒரு வேகம்... டெல்லி, மும்பைன்னு பாய்ஞ்சு, 2008-ல் நாடு முழுக்க சுமார் 1600 கடை. 2009 ஆரம்பத்துல எல்லாத்துக்கும் பூட்டு!

எனக்கு ஊர் எலவனாசூர்கோட்டை. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி போற வழி. சின்ன வயசுல நான் பார்த்த ஒரே 'சூப்பர் மார்க்கெட்' செட்டியார் கடைதான் :-) அங்கே கடன் வாங்குறது நாம. கரும்பு வெட்டி ஆலைப் பணம் கைக்கு வர்ற வரைக்கும் பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் நோட்டுல ஏறும். பணம் கொடுத்ததும் ஒரு கோடு அடிப்பார். விலை கொஞ்சம் கூடத்தான். அந்தக் கூடுதல்தான் வட்டின்னு எல்லாருக்கும் தெரியும்.

சுபிக்‌ஷாவில் இது தலைகீழ். நாம ரொக்கம் கொடுத்தோம், கடை கடன்ல ஓடிச்சு. கம்பெனிக்காரங்களுக்கு உடனே பணம் கட்டினா விலை குறைச்சுக் கொடுப்பாங்க, அதை நமக்குத் தள்ளுபடியா கொடுக்கலாம். நல்ல யோசனைதான். ஆனா கையில எப்பவும் காசு இருக்கணுமே? இருந்ததையெல்லாம் புதுக்கடை திறக்கப் போட்டு, மேற்கொண்டு வாங்கின கடன் சுமார் 750 கோடி. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்து எங்கேயும் பணம் புரளாம போச்சு. சரக்கு வரலை. காலி அலமாரியைப் பார்க்க யார் வருவா? வாடகை நின்னுது, சம்பளம் நின்னுது, காவலுக்கு இருந்தவங்க போயிட்டாங்க. பூட்டின கடைகளை உடைச்சு சரக்கை அள்ளிக்கிட்டுப் போனதும் நடந்தது.

சுப்பிரமணியனுக்கு விஸ்வப்ரியா நிதி நிறுவன வழக்குல, டெபாசிட் போட்டவங்களை ஏமாத்தினதா, 2023 நவம்பரில் சென்னை சிறப்பு நீதிமன்றம் 20 வருஷம் சிறைத் தண்டனை விதிச்சது. பிக் பஜாருக்கும் கடன்தான் எமன். 2022-ல் பல கடைகள் ரிலையன்ஸ் கைக்குப் போச்சு.

ஐசிஐசிஐ வென்ச்சர், பிரேம்ஜி போட்ட முதலீடு பத்தியெல்லாம் பத்திரிகைகள்ல நிறைய வந்தது. பில் போட்ட பசங்க கதை எங்க தெருவுல இருக்கு. ஒரு பையன், சுபிக்‌ஷா இல்லை, வேறொரு கடையில (பேர் வேணாம்) வேலை பார்த்தான். அதையும் மூடிட்டாங்க. கடைசி ரெண்டு மாச சம்பளம் வரவே இல்லை. ஊருக்கு வந்து பார்த்தா, செட்டியார் நோட்டுல அவங்க அம்மா கணக்கு ரெண்டு பக்கம் ஓடியிருக்கு. "பையன் பணம் அனுப்பினதும் தர்றேன்"னு வாங்கின அரிசியும் பருப்பும்.

செட்டியார் அவங்களை ஒரு வார்த்தை கேக்கலை. ஆனா அந்த மாசம் உளுந்தூர்ப்பேட்டை மொத்தக் கடைக்காரர்கிட்ட அவரே தவணை சொல்லிட்டு வந்தார்.